பாலர் நாடக சபைகளில் நடிகர் தேர்வும் பயிற்சியும்

பாலர் நாடக சபைகள் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தமிழகத்தில் இயங்கிய தொழில்முறை நாடகக் குழுக்கள். இவை சிறுவர்களையே நடிகர்களாகக் கொண்டிருந்தன. மக்கள் இவற்றை 'பாய்ஸ் கம்பெனி' என்று அழைத்தனர். ஆண் வேடம், பெண் வேடம், அரசன், முனிவர், கோமாளி என எல்லா வேடங்களையும் சிறுவர்களே ஏற்றனர். எஸ்.ஜி. கிட்டப்பா, டி.கே. சண்முகம், நவாப் ராஜமாணிக்கம், எம்.ஆர். ராதா, என்.எஸ். கிருஷ்ணன், பி.யு. சின்னப்பா, எம்.ஜி. ராமச்சந்திரன், சிவாஜி கணேசன் ஆகியோர் இளம் வயதில் இத்தகைய கம்பெனிகளில் பயின்றவர்கள்.

இச்சபைகளில் ஒரு சிறுவன் எப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டான், எப்படித் தயார்செய்யப்பட்டான், எதனால் வேடம் பெற்றான், எதனால் அதை இழந்தான் என்பவை தமிழ் நாடக வரலாற்றின் முக்கியமான பகுதி. கம்பெனிகள் முதலில் பார்த்தது குரலை. ஆனால் சிறுவனின் குரல் நிலைப்பதில்லை. குரல் போன பிறகும் அவனிடம் எஞ்சியது வாத்தியார் கொடுத்த பாடம். தமிழ்த் திரைப்பட நடிப்பின் முதல் தலைமுறை அந்தப் பாடத்திலிருந்து உருவானது.

பின்னணி

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தமிழகத்தில் தொழில்முறை நாடகக் குழுக்கள் பல இருந்தன. பார்சி நாடகக் குழுக்களின் தாக்கத்தால் வண்ணத் திரைகளும் கொட்டகையும் நுழைவுச் சீட்டும் பரவலாகியிருந்தன. ஆனால் நடிகர்களிடம் ஒழுங்கு இல்லை என்ற குறை தொடர்ந்து எழுந்தது. குறித்த நேரத்தில் வராமை, குடிப்பழக்கம், மேடையிலேயே ஒருவரை ஒருவர் மடக்கும் வாதப் பாடல்கள், எழுதப்பட்ட கதையை விட்டு விலகி விருப்பம்போல் பேசுதல், கூடுதல் பணம் கிடைத்தால் வேறு கம்பெனிக்குப் போய்விடுதல் ஆகியவை நாடக ஆசிரியர்களுக்கும் முதலாளிகளுக்கும் தலைவலியாக இருந்தன.

இதற்கு விடையாகவே சிறுவர்களைக் கொண்ட கம்பெனிகள் தோன்றின. சிறுவர்கள் ஆசிரியர் சொல்வதைக் கேட்பார்கள், எழுதியதை எழுதியபடியே பேசுவார்கள், ஒரே இடத்தில் தங்குவார்கள் என்பது எதிர்பார்ப்பு. குறைந்த சம்பளம் கொடுத்தால் போதும் என்பதும் முதலாளிகளின் கணக்கில் இருந்தது. பெண்கள் மேடையேறுவது இழிவாகக் கருதப்பட்ட காலத்தில், மீசை முளைக்காத சிறுவர்கள் பெண் வேடத்துக்கு எளிதாகப் பொருந்தினர்.

இந்த அமைப்புக்கு வடிவம் தந்தவர்களில் முதன்மையானவர் சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922). தூத்துக்குடி அருகே காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்த இவர், தொடக்கத்தில் நடிகராக இருந்து பின்னர் நாடக ஆசிரியரானார். 1910-இல் சமரச சன்மார்க்க நாடக சபையைத் தொடங்கினார். எஸ்.ஜி. கிட்டப்பா அங்கே பயிற்சி பெற்றார். 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பாலசபையை நிறுவினார். ஜெகந்நாத ஐயரின் மதுரை பாலமீனரஞ்சனி சங்கீத சபா, சச்சிதானந்தம் பிள்ளையின் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனி, நவாப் ராஜமாணிக்கத்தின் மதுரை தேவி பாலவினோத சங்கீத சபா ஆகியவை பிற முக்கியமான சபைகள்.

கம்பெனியில் சேர்ந்த வழிகள்

அறிவிப்பு வெளியிட்டு, நாள் குறித்து, வரிசையில் நிற்கவைத்து நடத்தும் நடிகர் தேர்வு அன்று வழக்கத்தில் இல்லை. கம்பெனி ஊர் ஊராகச் சென்றது. ஓர் ஊரில் சில வாரங்களோ மாதங்களோ முகாமிட்டது. அந்த நாட்களில் கம்பெனி வீட்டின் திண்ணையே தேர்வுக் களமாக இருந்தது. பெற்றோரோ உறவினரோ சிறுவனை அழைத்து வந்து வாத்தியார் முன் நிறுத்துவார்கள்.

நாடகத் தொழிலில் இருந்த குடும்பங்களின் பிள்ளைகள் முதலில் வந்தனர். டி.கே.எஸ். சகோதரர்களின் தந்தை கண்ணுசாமிப் பிள்ளை பெண் வேடங்களில் புகழ்பெற்றவர். 1918-இல் சங்கரதாஸ் சுவாமிகளின் பாலசபையில் அவர் மகன்கள் சேர்ந்தபோது டி.கே. சண்முகத்துக்கு வயது ஆறு. பி.யு. சின்னப்பாவின் தந்தை உலகநாத பிள்ளையும் நாடக நடிகர்.

வறுமையால் சேர்க்கப்பட்டவர்கள் இன்னொரு வகை. தந்தையை இழந்து கும்பகோணத்தில் தாயுடன் வாழ்ந்த எம்.ஜி. சக்கரபாணியும் எம்.ஜி. ராமச்சந்திரனும் கம்பெனியில் இருந்த உறவினர் வழியாக மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனிக்கு வந்தனர். ராமச்சந்திரனின் பள்ளிப் படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றது. மூன்று வேளைச் சோறு கிடைக்கும் என்பதே இத்தகைய குடும்பங்கள் கம்பெனியை நாடியதற்கு முதல் காரணம்.

வீட்டை விட்டு ஓடி வந்தவர்களும் உண்டு. சிறுவயதில் வீட்டாருடன் கோபித்துக்கொண்டு வெளியேறிய எம்.ஆர். ராதா, சென்னை எழும்பூர் ரயில் நிலையத்தில் மூட்டை சுமந்தபோது நாடகக் கம்பெனிக்காரர் ஒருவரின் கண்ணில் பட்டார் என்று அவரது வாழ்க்கைக் குறிப்புகள் கூறுகின்றன. திருச்சி சங்கிலியாண்டபுரத்தில் வளர்ந்த சிவாஜி கணேசன், ஏழு வயதளவில் யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் கம்பெனியில் சேர்ந்தார். பெற்றோர் இல்லாத அனாதை என்று பொய் சொல்லி, ஒரு பாட்டுப் பாடிக் காட்டி இடம் பெற்றதாகப் பிற்காலத்தில் அவரே நினைவுகூர்ந்திருக்கிறார். பெற்றோர் வந்து அழைத்துக்கொண்டு போய்விடாத பிள்ளையைக் கம்பெனிகள் விரும்பின என்பது இதிலிருந்து தெரிகிறது.

முதல் தேர்வு

ஒரு சிறுவனைச் சேர்த்துக்கொள்வதற்கு முன் வாத்தியார் மூன்றைக் கவனித்தார்: குரல், தோற்றம், நினைவாற்றல்.

இவற்றுள் குரலே தலையானது. 'ஒரு பாட்டுப் பாடு' என்பதே சிறுவனுக்கு வைக்கப்பட்ட முதல் கேள்வி. அக்கால நாடகங்கள் பாட்டால் ஆனவை. உரையாடல்கள் பாடல்களை இணைக்கும் பாலமாகவே இருந்தன. ஒலிபெருக்கி இல்லை. கீற்றுக் கொட்டகையின் கடைசி வரிசையில் தரையில் அமர்ந்திருப்பவருக்கும் கேட்க வேண்டும். ஆர்மோனியம், மிருதங்க ஒலிகளைத் தாண்டிப் பாட வேண்டும். ஆண்கள் பொதுவாக ஒன்று அல்லது ஒன்றரைக் கட்டைச் சுருதியில் பாடுவார்கள். சிறுவர்களின் குரல் ஐந்து கட்டைக்கு எளிதாக எட்டும். கூர்மையான அந்த மேல்சுருதிக் குரல் நெடுந்தொலைவு சென்றது. ஆகவே சாரீரம் உள்ள பையன் என்றால் கம்பெனிகள் போட்டி போட்டன.

குரலைத் தேடிப் போன நிகழ்வுகளும் உண்டு. திருச்சியில் ரசிக ரஞ்சனி சபாவை நடத்திய ரயில்வே அதிகாரி எஃப்.ஜி. நடேச ஐயர், பஜனையில் பாடிய ஒரு சிறுவனின் குரலைக் கேட்டு, அவன் தந்தையிடம் இசைவு பெற்று அரிச்சந்திரா நாடகத்தில் லோகிதாசனாக மேடையேற்றினார். அந்தச் சிறுவனே பின்னாளில் எம்.கே. தியாகராஜ பாகவதர் எனப் புகழ்பெற்றவர். ரசிக ரஞ்சனி சபா பாய்ஸ் கம்பெனி அல்ல. அது பயில்முறைக் கலைஞர்களின் அமைப்பு. ஆயினும் குரலே அங்கும் அளவுகோலாக இருந்தது.

தோற்றத்தில் முக அமைப்பும் கண்களும் பார்க்கப்பட்டன. பெண் வேடம் போட முடியுமா என்பது அடுத்த கேள்வி. நினைவாற்றலை அறிய, சில வரிகளைச் சொல்லித் திருப்பிச் சொல்லவைப்பதே போதுமானதாக இருந்தது. எழுத்தறியாமல் வந்த சிறுவர்களுக்கு இது மிக முக்கியமான தகுதி. ஏட்டைப் பார்த்துப் படிக்க முடியாதவன் காதால் கேட்டே நாடகம் முழுவதையும் மனத்தில் ஏற்றியாக வேண்டும்.

ஒப்பந்தமும் கம்பெனி வீடும்

தேர்ந்தெடுக்கப்பட்ட சிறுவனுக்காகப் பெற்றோரிடம் ஒப்பந்தம் எழுதி வாங்கும் வழக்கம் இருந்தது. ஒப்பந்தக் காலத்தில் பையன் வேறு கம்பெனிக்குப் போகக்கூடாது. சம்பளம் பெரும்பாலும் வீட்டுக்கு அனுப்பப்பட்டது. புதுக்கோட்டையில் பி.யு. சின்னப்பா ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் சேர்ந்தபோது மூன்றாண்டு ஒப்பந்தத்தில் மாதம் 15 ரூபாய் பேசப்பட்டதாகச் சொல்லப்படுகிறது.

உணவு, உடை, இருப்பிடம் ஆகியவற்றைக் கம்பெனியே ஏற்றது. எல்லோரும் 'கம்பெனி வீடு' எனப்பட்ட ஒரே வீட்டில் தங்கினர். அனுமதியின்றி வெளியே போகக்கூடாது. வெளியாருடன் பழகக்கூடாது. தூங்கும் நேரம், குளிக்கும் நேரம், சாப்பிடும் நேரம் எல்லாவற்றுக்கும் விதி இருந்தது. இரவு முழுவதும் நாடகம் நடப்பதால் பகலின் ஒரு பகுதி உறக்கத்துக்கும் மறு பகுதி பாடத்துக்கும் ஒதுக்கப்பட்டது. நவாப் ராஜமாணிக்கத்தின் கம்பெனி கட்டுப்பாட்டுக்குப் பெயர்பெற்றது.

பாடம்

கம்பெனி வழக்கில் நடிப்புப் பயிற்சிக்குப் 'பாடம்' என்று பெயர். ஒரு நாடகத்தைக் கற்பதை 'பாடம் பண்ணுதல்' என்றனர். கற்பிப்பவர் 'வாத்தியார்'. பாடம் மூன்று படிகளில் நடந்தது.

முதல் படி மனப்பாடம். வாத்தியார் ஒரு வரியைச் சொல்வார், சிறுவர்கள் திருப்பிச் சொல்வார்கள். உச்சரிப்பில் பிழை இருந்தால் அடுத்த வரிக்குப் போகமாட்டார். சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகங்களில் திருக்குறள், நாலடியார் போன்ற நீதி நூல்களின் கருத்துகளும் செய்யுள்களும் விரவியிருந்தன. அவற்றைப் பேச ல, ள, ழ வேறுபாடும் சந்தியும் மூச்சு நிறுத்தமும் தெரிந்திருக்க வேண்டும். பள்ளிக்குச் செல்லாத சிறுவர்கள் செய்யுள் தமிழைப் பிழையின்றிப் பேசக் கற்றது இப்படித்தான்.

இரண்டாம் படி பாட்டு. ஆர்மோனியக் கலைஞர் முன் அமர்ந்து, பாடல்களை அவற்றுக்குரிய மெட்டிலும் தாளத்திலும் பாடிப் பழகினர். ஸ்வரப் பயிற்சியும் தரப்பட்டது. முழு நாடகத்துக்கும் குரல் தாங்க வேண்டும் என்பதால் மேல்ஸ்தாயியில் பாடிப் பழகுவது கட்டாயமாக இருந்தது.

மூன்றாம் படி நிலையும் அசைவும். எங்கே நிற்பது, எந்தப் பக்கம் நுழைவது, பாட்டின் எந்த இடத்தில் கையை உயர்த்துவது என்பதை வாத்தியார் நடித்துக் காட்டுவார். சிறுவன் அதை அப்படியே திருப்பிச் செய்ய வேண்டும். நடனம், கத்திச் சண்டை, சிலம்பம் ஆகியவையும் பல கம்பெனிகளில் கற்றுத்தரப்பட்டன. இந்தப் பயிற்சியில் சொந்தக் கற்பனைக்கு இடம் குறைவு. வாத்தியாரின் நடிப்பைப் பல சிறுவர்கள் படியெடுத்தார்கள் என்று சொல்லலாம். ஆனால் உடலையும் குரலையும் ஏவியபடி இயக்கும் திறன் இதனால் உறுதிப்பட்டது.

புகழ்பெற்ற வாத்தியார்கள் பலர் இருந்தனர். காளி என். ரத்தினம் ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் பயிற்றுவித்தார். எம். கந்தசாமி முதலியார், புராண நாடகங்களோடு நின்றுவிடாமல் ஜே.ஆர். ரங்கராஜுவின் ராஜாம்பாள் போன்ற நாவல்களை நாடகமாக்கி, உரைநடைப் பேச்சுக்குச் சிறுவர்களைப் பழக்கினார். பம்மல் சம்பந்த முதலியாரின் மனோகரா போன்ற நாடகங்களும் கம்பெனிகளில் நடிக்கப்பட்டன.

வேடப் பங்கீடு: இரண்டாம் தேர்வு

கம்பெனியில் சேர்வது முதல் படி மட்டுமே. உண்மையான தேர்வு அதன் பிறகே தொடங்கியது. எந்தப் பையனுக்கு எந்த வேடம் என்பதை வாத்தியார் முடிவுசெய்தார். வேடங்கள் வகை பிரிக்கப்பட்டிருந்தன. கதைத் தலைவன் ராஜபார்ட், தலைவி ஸ்திரீபார்ட், நகைச்சுவைக்காரன் பபூன், திருடன் முதலான வேடங்கள் கள்ளபார்ட், குழந்தை வேடம் பாலபார்ட். முதல்நிலை ராஜபார்ட் நடிகனை 'அயன் ராஜபார்ட்' என்றனர்.

புதிதாக வந்தவன் தோழி, சேவகன், கூட்டத்தில் ஒருவன் என்று தொடங்குவான். லோகிதாசன், பிரகலாதன், லவன், குசன், அபிமன்யு போன்ற சிறுவர் வேடங்களில் திறமை வெளிப்படும். அங்கே சபையோரை அழவைத்தவன், அல்லது பாட்டுக்கு 'ஒன்ஸ்மோர்' வாங்கியவன் அடுத்த வேடத்துக்கு உயர்ந்தான். ஒவ்வொரு நாடக இரவும் அவனுக்கு ஒரு மறுதேர்வாக இருந்தது.

பெண் வேடத்திலிருந்து ஆண் வேடத்துக்கும், அங்கிருந்து மீண்டும் பெண் வேடத்துக்கும் மாறுவது இயல்பானது. சிவாஜி கணேசன் சீதையாகத் தொடங்கிப் பரதன், சூர்ப்பனகை, இந்திரஜித்து எனப் பல வேடங்களை ஏற்றார். ஒரே கதையை எல்லாப் பாத்திரங்களின் பக்கமிருந்தும் அறியும் வாய்ப்பு இதனால் கிடைத்தது.

சில வேளைகளில் வேடத்துக்கு நடிகனைத் தேடாமல் நடிகனுக்காக வேடமே எழுதப்பட்டது. டி.கே. சண்முகத்தின் திறமையைக் கண்ட சங்கரதாஸ் சுவாமிகள், அவர் கதைத் தலைவனாக நடிப்பதற்காக அபிமன்யு சுந்தரி நாடகத்தை ஒரே இரவில் பாடல்களும் உரையாடலுமாக எழுதி முடித்தார். இச்செய்தியைச் சண்முகம் தமது 'எனது நாடக வாழ்க்கை' நூலில் பதிவுசெய்திருக்கிறார்.

எதிர்பாராத தேர்வுகளும் நடந்தன. ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் சிறு வேடங்களில் நடித்துவந்த சின்னப்பா, ஒருநாள் தம் அறையில் தமக்குள் பாடிக்கொண்டிருந்தார். அவ்வழியே சென்ற முதலாளி சச்சிதானந்தம் பிள்ளை அதைக் கேட்டு வியந்து, அவரைக் கதாநாயகனாக்கினார் என்றும், சம்பளம் 15 ரூபாயிலிருந்து 75 ரூபாயாக உயர்ந்தது என்றும் சொல்லப்படுகிறது. ஒரே கூரையின் கீழ் இருந்த பையனின் குரலைக்கூட அதுவரை யாரும் சரியாகக் கேட்டிருக்கவில்லை என்பதையும் இந்நிகழ்வு காட்டுகிறது.

முதல் தேர்வில் குரலால் முன்னே வராதவர்களுக்கும் இடம் இருந்தது. நாகர்கோவில் ஒழுகினசேரியைச் சேர்ந்த என்.எஸ். கிருஷ்ணன், சிறுவயதில் நாடகக் கொட்டகையில் தின்பண்டம் விற்றவர். 1925-இல் தொடங்கிய டி.கே.எஸ். சகோதரர்களின் மதுரை ஸ்ரீ பாலசண்முகானந்த சபாவில் சேர்ந்து நகைச்சுவை நடிகராக உருவானார். பபூன் வேடத்துக்கு மேல்சுருதிக் குரல் தேவையில்லை. சமயோசிதமும் பேச்சும் இருந்தால் போதும்.

மாற்று நடிகர்கள்

ஒரு நாடகத்தில் நடிக்கும் சிறுவன் தன் வேடத்தை மட்டுமல்லாமல் பிறருடைய வேடங்களையும் அறிந்திருப்பது கம்பெனிகளில் வழக்கம். தினமும் ஒரே பாடம் ஒரே கூடத்தில் நடந்ததால் மற்றவர் வரிகளும் தானாகவே மனத்தில் பதிந்தன. ராஜபார்ட் நடிகனுக்குக் காய்ச்சல் வந்தாலோ, அவன் ஓடிப்போய்விட்டாலோ, அன்றிரவே இன்னொருவன் அந்த வேடத்தில் நிற்க வேண்டும். விற்ற சீட்டுக்குப் பணத்தைத் திருப்பித் தரும் நிலையில் கம்பெனிகள் இல்லை. அந்த ஓர் இரவு பல சிறுவர்களின் வாழ்க்கையை மாற்றியது.

இப்பழக்கத்தின் பயனைப் பிற்காலத்திலும் காணலாம். 1940-களின் நடுப்பகுதியில் சி.என். அண்ணாதுரை எழுதிய 'சிவாஜி கண்ட இந்து சாம்ராஜ்யம்' நாடகத்தில் சிவாஜி வேடத்துக்குப் பேசப்பட்டிருந்தவர் எம்.ஜி. ராமச்சந்திரன். அவர் நடிக்க இயலாமல்போகவே இளைஞர் கணேசனிடம் உரையாடல் ஏடு தரப்பட்டது. சில மணி நேரத்தில் அதை மனப்பாடம் செய்து அண்ணாதுரையின் முன் பேசிக்காட்டி அவர் அந்த வேடத்தைப் பெற்றார். நாடகத்தைக் கண்ட பெரியார் ஈ.வெ. ராமசாமி அவரைச் சிவாஜி என்று குறிப்பிட, அப்பெயரே நிலைத்தது. பாய்ஸ் கம்பெனியில் பல ஆண்டுகள் பெற்ற மனப்பாடப் பயிற்சியே ஒரு பகல் பொழுதில் அவருக்குக் கைகொடுத்தது.

மகரக்கட்டு

பாலர் சபைகளின் தேர்வு முறையில் ஓர் அடிப்படைச் சிக்கல் இருந்தது. எந்தக் குரலுக்காகச் சிறுவன் தேர்ந்தெடுக்கப்பட்டானோ அந்தக் குரல் சில ஆண்டுகளுக்கு மேல் தங்காது. பருவ வயதில் குரல்வளை வளர்ந்து குரல்நாண்கள் நீளும்போது ஆண் குழந்தையின் குரல் ஏறத்தாழ ஒரு ஸ்தாயி கீழிறங்குகிறது. இடைப்பட்ட மாதங்களில் குரல் கரகரத்து, எதிர்பாராமல் உடைந்து, சுருதியில் நிற்காமல் போகும். இதை நாடக வழக்கில் 'மகரக்கட்டு' என்றனர்.

மகரக்கட்டு வந்த பையன் ராஜபார்ட் வேடத்தையோ ஸ்திரீபார்ட் வேடத்தையோ இழக்க நேர்ந்தது. ஐந்து கட்டையில் அமைந்த பாடல்களை அவனால் பாட முடியவில்லை. அவனுக்குச் சிறிய வேடங்கள் தரப்பட்டன, அல்லது அவன் ஊருக்கு அனுப்பப்பட்டான். பள்ளிப் படிப்பு இல்லை, வேறு கைத்தொழிலும் தெரியாது, கம்பெனி வீட்டைத் தவிர உலகமும் தெரியாது. பதினான்கு, பதினைந்து வயதில் வேலை இழந்த நடிகனாக நிற்பது இச்சிறுவர்களில் பலருக்கு நேர்ந்தது. புகழ்பெற்றவர்களின் பெயர்களே வரலாற்றில் உள்ளன. மகரக்கட்டோடு மேடையை விட்டுப் போனவர்கள் பெயரின்றி மறைந்தனர்.

மீண்டு வந்தவர்களும் உண்டு. சின்னப்பா குரல் உடைந்த பின் கம்பெனியை விட்டு விலகிப் புதுக்கோட்டை திரும்பி, சங்கீதம் பயின்றும் உடற்பயிற்சி, சிலம்பம் ஆகியவற்றில் ஈடுபட்டும் தம்மை மறுபடி உருவாக்கிக்கொண்டார். பிற்காலத்தில் பாட்டுக்கும் சண்டைக்கும் பெயர்பெற்ற திரைநடிகரானார்.

சில கம்பெனிகள் தம் நாடகங்களையே மாற்றிக்கொண்டன. டி.கே.எஸ். சகோதரர்கள் வளர்ந்து இளைஞர்களானபோது அவர்களின் சபை பாட்டைக் குறைத்துப் பேச்சை வளர்த்த சமூக நாடகங்களையும் தேசிய நாடகங்களையும் நோக்கி நகர்ந்தது. காலத்தின் தேவையே இதற்கு முதன்மைக் காரணம். ஆனால் சிறுவர் குரலை நம்பிய நாடகத்தை வளர்ந்த நடிகர்கள் தொடர முடியாது என்பதும் அதில் அடங்கும். டி.கே. சண்முகம் 1940-களில் ஔவையார் வேடத்தில் நடித்து 'அவ்வை சண்முகம்' ஆனார். அந்த வெற்றிக்குக் குரலின் இனிமையைவிட முதுமையை உடலில் கொண்டுவந்த நடிப்பே காரணமாக அமைந்தது.

சிறுமிகளின் நிலை

பாலர் சபைகளின் கதவுகள் பெரும்பாலும் சிறுமிகளுக்குத் திறக்கவில்லை. பெண்கள் நடித்த கம்பெனிகளும், ஆணும் பெண்ணும் சேர்ந்து நடித்த கம்பெனிகளும் தனியே இருந்தன. கொடுமுடியைச் சேர்ந்த கே.பி. சுந்தராம்பாள் சிறுமியாக இருந்தபோது வேலு நாயர் கம்பெனியில் சேர்ந்தார். ரயிலில் பாடியபோது அவரது குரல் கவனிக்கப்பட்டது என்ற செய்தி பரவலாகச் சொல்லப்படுகிறது. அவரது தொடக்க வேடங்களில் ஒன்று நல்லதங்காள் நாடகத்தில் பசியால் வாடும் மூத்த மகன். பாய்ஸ் கம்பெனியில் சிறுவர்கள் பெண் வேடம் போட்ட அதே காலத்தில் இங்கே சிறுமி ஆண் குழந்தையாக நடித்தார். பெண் குரல் பருவ வயதில் சிறுவன் குரலைப் போல் வீழ்வதில்லை. ஆகவே சுந்தராம்பாள் தம் மேல்சுருதிக் குரலை முதுமை வரை தக்கவைத்துக்கொண்டார்.

கண்டிப்பும் இழப்பும்

பாலர் சபைகளைக் குருகுலம் என்று போற்றியவர்கள் உண்டு. அங்கே பயின்றவர்களே நன்றியுடன் அவ்வாறு நினைவுகூர்ந்தனர். ஆனால் அதே நினைவுகளில் அடியும் பட்டினியும் வீட்டு ஏக்கமும் இடம்பெறுகின்றன. வரி மறந்தால் பிரம்படி கிடைத்தது. ஒருவன் செய்த தவறுக்கு எல்லோரும் தண்டனை பெற்றதும் உண்டு. பல சிறுவர்கள் ஆண்டுக்கணக்கில் பெற்றோரைப் பார்க்கவில்லை. வசூல் குறைந்தபோது சம்பளம் நின்றது, சாப்பாடும் குறைந்தது.

பயிற்சியின் சிறப்பையும் அதற்குக் கொடுக்கப்பட்ட விலையையும் சேர்த்தே மதிப்பிட வேண்டும். சிறுவனின் விருப்பம் எங்கும் கேட்கப்படவில்லை. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர் பெற்றோர், வேடத்தைத் தீர்மானித்தவர் வாத்தியார், வருவாயைப் பெற்றவர் முதலாளி. சண்முகம் போன்றோர் பின்னாளில் தாமே சபை நடத்தியபோது நடிகர்களை நடத்தும் முறையில் அக்கறை காட்டியதற்கு அந்த இளமை அனுபவமும் ஒரு காரணம்.

பேசும்படக் காலம்

1931-இல் முதல் தமிழ்ப் பேசும்படமான காளிதாஸ் வெளிவந்தது. பேசவும் பாடவும் தெரிந்த நடிகர்கள் திரைப்படத்துக்குத் தேவைப்பட்டனர். அவர்கள் ஆயத்தமாக இருந்த ஒரே இடம் நாடகக் கம்பெனி. 1935-இல் டி.கே.எஸ். சகோதரர்களின் மேனகா படமாகியது. அதே ஆண்டில் நவாப் ராஜமாணிக்கத்தின் குழு நடித்த பக்த ராமதாஸ் படத்தில், கம்பெனி வழக்கப்படியே பெண் வேடங்களையும் ஆண்கள் ஏற்றனர். 1936-இல் எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய சதி லீலாவதி படத்தில் எம்.கே. ராதா, எம்.ஜி. ராமச்சந்திரன், என்.எஸ். கிருஷ்ணன் ஆகிய நாடக மேடையில் வளர்ந்த நடிகர்கள் ஒன்றாகத் தோன்றினர்.

திரைப்படம் தேர்வின் அளவுகோலை மாற்றியது. ஒலிவாங்கி வந்ததால் உரத்த மேல்சுருதிக் குரல் கட்டாயமில்லை. பின்னணிப் பாடல் முறை பரவியபோது நடிகன் பாட வேண்டிய தேவையே மறைந்தது. முகமும் பேச்சும் உடலும் முன்னே வந்தன. முன்பு மகரக்கட்டால் தள்ளப்பட்டிருக்கக்கூடிய நடிகர்கள் இங்கே தலைமை வேடம் பெற்றனர். அதே வேளையில் கூட்டம் கொட்டகையிலிருந்து திரையரங்குக்கு நகர, பாலர் சபைகள் ஒன்றன்பின் ஒன்றாக மறைந்தன. டி.கே.எஸ். சகோதரர்களின் நிரந்தரக் கம்பெனி 1950-இல் கலைக்கப்பட்டது. அதன் பின்னரும் அவர்கள் டி.கே.எஸ். நாடக சபா வழியாக நாடகங்கள் நடத்தினர். குழந்தை நட்சத்திரமாக அறிமுகமான கமல்ஹாசன் சிறுவயதில் அங்கே மேடைப் பயிற்சி பெற்றார்.

மதிப்பீடு

பாலர் நாடக சபைகளின் நடிகர் தேர்வு, காதால் நடந்த தேர்வு. ஒரு பாட்டு, சில வரிகள், ஒரு பார்வை ஆகியவற்றில் சிறுவனின் எதிர்காலம் முடிவானது. அந்த முடிவு பல முறை தவறாகவும் இருந்தது. சின்னப்பாவின் குரலை அறியத் தற்செயலான ஒரு பொழுது தேவைப்பட்டது. கிருஷ்ணனின் திறமைக்கும் பாட்டுத் தேர்வுக்கும் தொடர்பில்லை. தேர்வைவிடத் தேர்வுக்குப் பின் நடந்த பயிற்சியே நடிகர்களை உருவாக்கியது. நெடிய மனப்பாடம், தெளிந்த உச்சரிப்பு, எந்த வேடத்துக்கும் ஆயத்தமாக இருத்தல், உடன் நடிப்பவரின் வரியையும் அறிந்திருத்தல் ஆகிய நான்கும் குரல் உடைந்த பின்னும் நிலைத்தன.

இன்று தமிழில் குழந்தைகள் நாடகம் வேறு பாதையில் செல்கிறது. புதுச்சேரியின் ஆழி குழந்தைகள் நாடகக் குழுவை நடத்தும் வேலு சரவணன் போன்றோர், விளையாட்டின் வழியாகக் குழந்தைகளை நாடகத்துக்குள் அழைத்துவருகின்றனர். பள்ளி நாடகங்களிலோ வேடம் கிடைக்குமா என்று தயங்கி நிற்கும் மாணவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பாய்ஸ் கம்பெனிகளின் வரலாறு அவர்களுக்குச் சொல்லும் செய்தி எளியது. முதல் நாளில் வேடம் கிடைக்காத பையன்களில் பலரே, எல்லோருடைய பாடத்தையும் கேட்டுக்கொண்டு கூடத்தின் ஓரத்தில் அமர்ந்திருந்து, ஒரு நாள் அழைக்கப்பட்டபோது ஆயத்தமாக எழுந்தவர்கள்.